முடிக்குரிய காணியும் முதற்குடிகளின் உரித்தும்: மடுல்கெல்லச் சரிவிலிருந்து ஒரு நோக்கு

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக வடகிழக்கே ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் அமைந்துள்ளது மடுல்கெல்ல. அங்கு மலையுச்சியை அண்டிக் காடு நிற்கின்றது. காட்டின் கீழே தேயிலை. தேயிலைக்கு நடுவே தொழிலாளரின் லயன்கள். அவற்றுக்கும் கீழே, நீர் வந்து சேரும் பள்ளங்களில், சிங்களக் கிராமத்தவரின் வயல்கள். காடு, தோட்டம், லயன், கிராமம் ஆகிய இந்நான்கும் ஒரே சரிவில் அடுத்தடுத்து அமைந்திருப்பது இயற்கையின் செயலன்று. சட்டம் ஒன்றின் செயலாகும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் முதற்குடி மக்களின் நில உரித்துப் பற்றிய சட்டம் பெரும் மாற்றங்களுக்கு உள்ளாகியுள்ளது. அம்மாற்றங்களைத் தொலைதூரச் செய்திகளாகவே நாம் வாசித்து வந்துள்ளோம். அந்நாடுகளில் கேள்விக்கு உள்ளாக்கப்பட்ட அதே சட்டக் கற்பிதம் எமது மலைநாட்டின் நில உறவுகளுக்கும் அடித்தளமாக உள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். ‘பூர்வீகக் குடி’ என்னும் சொல் சட்டத்தில் எப்பொருளைக் கொண்டுள்ளது, அது எம்மிடையே எவ்வாறு திரிபடைகின்றது, மலையகத் தமிழரின் நில உரிமைக் கோரிக்கையோடு அதற்குள்ள உறவு யாது என்பவற்றைத் தெளிவுபடுத்துவது இரண்டாவது நோக்கம்.

1. 1840: ஓராண்டின் இரு ஆவணங்கள்

1840ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி நியூசிலாந்தில் பிரித்தானிய முடியின் பிரதிநிதியும் மாவோரித் தலைவர்களும் வைத்தாங்கி உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மாவோரி மக்கள் தமது நிலம், காடு, மீன்பிடி இடங்கள் ஆகியவற்றைத் தாம் விரும்பும்வரை குலையாது வைத்திருக்கலாம் என்னும் வாக்குறுதி அதில் இருந்தது. அவ்வாக்குறுதி பிற்காலத்தில் பெருமளவு மீறப்பட்டது எனினும், நிலத்திற்கு ஏற்கெனவே உரியோர் உளர் என்பதை முடி எழுத்தில் ஏற்றுக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே ஆண்டில், அதே முடியின் பெயரால், இலங்கையில் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பதே அதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆயின் எக்காணி முடிக்குரியது என்பதை அச்சட்டம் வரையறுத்த முறையே நம் கவனத்திற்கு உரியது. காடாகவும் தரிசாகவும் ஆட்சியின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடியின் சொத்து என்று அது ஊகித்தது. கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த மாகாணங்களுக்கு இதனினும் கடுமையான விதி வகுக்கப்பட்டது. பல ஆண்டு இடைவெளி விட்டே பயிரிடக்கூடிய சேனை நிலங்களும் அங்கு காடாகவே கருதப்பட்டன. சன்னஸ் முதலிய எழுத்து ஆவணத்தினாலோ, வழமையான வரி செலுத்தியமையைக் காட்டியோ உரித்தை நிறுவினால் அன்றி, அந்நிலம் முடிக்கே உரியதாயிற்று.

சேனைப் பயிர்ச்செய்கையின் இயல்பை அறிந்தோர்க்கு இவ்விதியின் கூர்மை உடனே விளங்கும். காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்துக் குரக்கனும் பிற தானியங்களும் விதைத்து, பின் மண் வளம்பெறும் பொருட்டு அதனைப் பல ஆண்டுகள் விட்டுவைப்பது அதன் முறை. விட்டுவைத்தல் அப்பயிர்ச்செய்கையின் ஒரு கட்டமாகும், கைவிடுதல் ஆகாது. சட்டமோ நிலம் ஓய்ந்திருந்த காலத்தைச் சான்றாகக் கொண்டு அதற்கு உரியவர் இலர் எனத் தீர்ப்பளித்தது. எழுத்து ஆவணம் அரிதாகவும், ஊராரின் நினைவும் வழமையுமே ஆதாரமாகவும் இருந்த சமூகத்தில், நிரூபிக்கும் பொறுப்பைக் கிராமத்தவன் தலையில் ஏற்றியமை ஏறத்தாழ நிலத்தைப் பறித்தமைக்கு ஒப்பானதே.

இதில் உள்ள முரண்பாடும் சுட்டற்பாலது. 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி உடன்படிக்கையின் நான்காம் வாசகம், எல்லா வகுப்பு மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் குடியியல் உரிமைகளுக்கும் அவர்களிடையே நிலவிய சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் அமையப் பாதுகாப்பு அளிப்பதாகக் கூறியிருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அவ்வழக்கங்களே நிலத்தின்மீது செல்லுபடியற்றன ஆயின.

அவசரத்திற்குக் காரணம் கோப்பியாகும். முடிக்குரியது எனப்பட்ட மலைநிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியோருள் ஆளுநர் ஸ்டுவர்ட் மக்கென்சி உள்ளிட்ட உயர் அலுவலர் பலர் இருந்தனர். சட்டத்தை ஆக்கியோரும் அதனால் நிலம் பெற்றோரும் ஒரே வட்டத்தினராய் இருந்தமைக்கு இது சான்று. தோட்டங்கள் எழுந்த நிலத்திற் பெரும்பகுதி வயலாக இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் வயலைத் தாங்கிநின்றது மேட்டுநிலம். விறகும் மேய்ச்சலும் சேனையும் ஊற்றுநீரும் அங்கிருந்தே கிடைத்தன. வயல் எஞ்சியது, அதனை வாழவைத்த காடு போயிற்று. 1848இல் மாத்தளை, குருநாகல் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயின எனினும், நிலமிழப்பின் மனக்குறை அதன் பின்னணியில் இருந்தது எனலாம். பின்னர் 1897ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச்சட்டம், குறித்த காலத்துள் உரிமை கோராத நிலத்தை முடிக்குரியதாகப் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தையும் வழங்கியது.

2. ‘வெற்று நிலம்’ என்னும் கற்பிதமும் அதன் வீழ்ச்சியும்

அவுஸ்திரேலியாவில் முடி எவ்வித உடன்படிக்கையையும் செய்துகொள்ளவில்லை. அக்கண்டம் சட்டத்தின் நோக்கில் எவருக்கும் உரியதல்லாத நிலமாகவே கொள்ளப்பட்டது. அங்கு வாழ்ந்தோர் கண்ணுக்குத் தெரிந்தனர், சட்டத்திற்குத் தெரியவில்லை. இப்பார்வைக்குப் பேரரசின் நீதிமன்றங்களும் துணைநின்றன. அன்று இலங்கைக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக விளங்கிய கோமறைக் கழகம், 1919இல் தென் ரொடீசியா பற்றிய வழக்கில், சமூக அமைப்பின் படிநிலையில் மிகத் தாழ்ந்திருக்கும் குலங்களின் நில வழக்கங்களை உரிமைகளாகக் கொள்ள இயலாது என்னும் கருத்தை வெளியிட்டது. எனினும் இரண்டு ஆண்டுகளின் பின், தென் நைஜீரியாவிலிருந்து வந்த வழக்கொன்றில், சுதேச நில உரித்தை ஆங்கிலச் சட்டத்தின் சொற்களுக்குள் வலிந்து அடக்க முற்படுதல் தவறென அதே கழகம் எச்சரித்தது. ஒரே மன்றத்துள் இரு போக்குகளும் இருந்தன. ஆட்சியாளருக்கு வாய்ப்பானது முதலாவது போக்கே.

இக்கற்பிதம் தகர்ந்த வரலாற்றை ஒரே மக்கட் கூட்டத்தின் அனுபவத்தினூடாக விளக்கலாம். அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் கோவ் என்னும் தீபகற்பம் உள்ளது. அங்கு வாழும் யொல்ஙு மக்களின் நிலத்தில் பொக்சைற்று அகழ அரசு அனுமதி வழங்கியபோது, அவர்கள் 1963இல் மரப்பட்டையில் தீட்டிய விண்ணப்பத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். பயன் கிட்டாமையால் நீதிமன்றத்தை நாடினர். 1971இல் நீதிபதி பிளக்பேர்ண் அளித்த தீர்ப்பு விந்தையானது. அம்மக்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு ஒன்று உண்டு என்பதை அவர் ஏற்றார்; ஆயின் அது சொத்துரிமை ஆகாது எனக் கூறி வழக்கைத் தள்ளினார்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1973இல், கனடாவின் நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வேறொரு வாயிலைத் திறந்தது. நிஸ்கா மக்கள் அவ்வழக்கில் வெல்லவில்லை. எனினும் முதற்குடியினரின் நில உரித்து முடியின் கொடையினால் வருவதன்று, முடி வருமுன்னரே அவர்கள் அங்கு வாழ்ந்தமையினால் வருவது என்னும் நியாயம் நீதிபதிகளால் ஏற்கப்பட்டது. 1982ஆம் ஆண்டின் கனேடிய அரசியலமைப்பு இவ்வுரிமைகளுக்குக் காப்பளித்தது. 1997இல் டெல்கமூக் வழக்கில் வாய்மொழி மரபையும் உரிய சான்றாகக் கொள்ளவேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. 2014இல் சில்கோற்றின் மக்களுக்கு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீற்றர் நிலத்தின் மீதான உரித்து முதன்முறையாக நீதிமன்றத்தாற் பிரகடனஞ் செய்யப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் திருப்பம் 1992 ஜூன் 3ஆம் திகதி நேர்ந்தது. டொரெஸ் நீரிணையில் உள்ள மேர் தீவினரான எடி மாபோவும் பிறரும் 1982இல் தொடுத்த வழக்கில் தீர்ப்பு அன்று வெளியாயிற்று. அதற்குச் சில மாதங்கள் முன்னரே மாபோ காலமாகிவிட்டார். அத்தீர்ப்பின் உட்கிடையை எளிதாகக் கூறலாம். ஒரு நாட்டின்மீது இறைமை பெறுதல் வேறு. அந்நாட்டின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தோப்புக்கும் உடைமையாளர் ஆதல் வேறு. முடிக்குக் கிடைத்தது அடிப்படை உரித்து மட்டுமே. மக்களின் ஆட்சியும் வழமையும் தொடரும் இடங்களில் அவ்வடிப்படை உரித்து ஆதிக்குடி உரித்தைச் சுமந்துகொண்டே நிற்கின்றது. ‘வெற்று நிலம்’ என்னும் கோட்பாடு இதனால் வீழ்ந்தது. 1993இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் விக் வழக்கில், மேய்ச்சலுக்கெனக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்திலும் ஆதிக்குடி உரித்து உடனிருக்கலாம் எனவும், இரண்டும் மோதுமிடத்துக் குத்தகையே மேலோங்கும் எனவும் தீர்க்கப்பட்டது. 2019இல் ரிம்பர் கிறீக் வழக்கில், நிலத்தோடுள்ள பண்பாட்டு உறவு அறுந்தமைக்காகவும் இழப்பீடு வழங்கப்பட்டது.

கோவ் மக்களிடம் மீள்வோம். 2025 மார்ச் 12ஆம் திகதி யுனுப்பிங்கு வழக்கில், ஆதிக்குடி உரித்தும் அரசியலமைப்புக் காக்கும் சொத்தே, நியாயமான நிபந்தனையின்றி அதனைக் கையகப்படுத்த இயலாது என்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோவ் தீபகற்பத்தின் குமாஜ் குலத்தவர் சார்பில் இக்கோரிக்கையை முன்வைத்த தலைவர் யுனுப்பிங்கு 2023இல் மறைந்துவிட்டார். 1971இல் சொத்து அன்று எனப்பட்டது, 2025இல் சொத்து எனப்பட்டது. நிலம் மாறவில்லை, அம்மக்களின் வழமையும் மாறவில்லை. சட்டத்தின் கண்ணே மாறியது.

3. எதிர்வினைகள்

இவ்வரலாற்றை நேர்கோட்டு முன்னேற்றமாகக் கொள்ளுதல் தவறாகும். நீதிமன்றத்தில் கிடைத்ததை வாக்குப்பெட்டியில் நிலைநிறுத்துவது எளிதன்று. முதற்குடியினர்க்கென நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசியலமைப்பிற் சேர்ப்பதற்காக 2023 அக்டோபர் 14ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற மக்கள் தீர்ப்பில், நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மர் எதிர்த்து வாக்களித்தனர். ஆறு மாநிலங்களும் அதனை நிராகரித்தன. நியூசிலாந்தில் வைத்தாங்கி உடன்படிக்கையின் கோட்பாடுகளை மாற்றி வரையறுக்க முயன்ற மசோதா ஒன்று 2024இல் கொணரப்பட்டது. பெருந்திரளான நடைபயணப் போராட்டத்தின் பின், 2025 ஏப்ரல் 10ஆம் திகதி, அது 112க்கு 11 என்னும் வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது.

ஆதிக்குடி உரித்தும் வலுக்குறைந்த உரித்தே. முன்னர் தனியாருக்கு முழு உடைமையாக விற்கப்பட்ட நிலத்தில் அவுஸ்திரேலியச் சட்டம் அதனை அழிந்ததாகவே கொள்கின்றது. மிக அதிகமாக நிலமிழந்தோரே மிகக் குறைவாக மீளப்பெறுகின்றனர் என்னும் அவலம் அச்சட்டத்தினுள்ளேயே உள்ளது.

4. பூர்வீகக் குடி என்போர் யார்?

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007 செப்டெம்பர் 13ஆம் திகதி பூர்வீகக் குடிமக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. 144 நாடுகள் ஆதரித்தன. 11 நாடுகள் நடுநிலை வகித்தன. அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நான்கு மட்டும் எதிர்த்தன. இந்நான்கும் பின்னர்த் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டன. கனடா 2021இல் அப்பிரகடனத்தை நடைமுறைப்படுத்தும் சட்டத்தையும் இயற்றியது. ஆதரித்தவற்றுள் இலங்கையும் இந்தியாவும் உள. எனினும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1989ஆம் ஆண்டின் 169ஆம் இலக்கச் சமவாயத்தைத் தென்னாசியாவில் நேபாளம் மட்டுமே ஏற்றுள்ளது. பிரகடனத்துக்குக் கையுயர்த்துதல் எளிது, கடப்பாட்டை ஏற்றல் அரிது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

எம் நாட்டில் ‘பூர்வீகம்’ என்னும் சொல் அடிக்கடி எழுவது முதலில் வந்தவர் யார் என்னும் வாதத்திலேயே. சிங்களப் பேரினவாதமும் அதற்கு மறுமொழியாக எழுந்த தமிழ்த் தேசிய வாதங்களிற் சிலவும் கல்வெட்டையும் காவியத்தையும் துணைக்கழைத்து இவ்வாதத்தை நடத்திவந்துள்ளன. சர்வதேசச் சட்டம் கையாளும் கருத்து இதனின்று வேறானது. ஐக்கிய நாடுகளின் ஆய்வாளர் ஹோசே மார்ட்டினேஸ் கோபோ வகுத்த விளக்கம் இன்றும் பெரிதும் மேற்கோளாகின்றது. படையெடுப்புக்கும் குடியேற்றத்துக்கும் முற்பட்ட சமூகத்தோடு தொடர்ச்சி உடையோராய், தமது நிலத்தோடும் நிறுவனங்களோடும் தனித்த உறவு கொண்டோராய், இன்றைய சமூகத்தில் மேலாதிக்கம் இல்லாதோராய் உள்ள மக்களையே அது குறிக்கின்றது.

‘மேலாதிக்கம் இல்லாதோர்’ என்னும் நிபந்தனையே இங்கு திறவுகோல். அரசு அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் பெரும்பான்மை தன்னைப் பூர்வீகக் குடி எனக் கூறிக்கொண்டு பிறரை வெளியேற்றுவதற்கு இக்கோட்பாடு இடந்தராது. தம் சம்மதமின்றித் தம் நிலமும் சட்டமும் பறிக்கப்பட்டோரைக் காக்க எழுந்தது அது. முந்தி வந்தோர்க்குப் பட்டம் சூட்டுவது அதன் பணியன்று.

5. எம் நாட்டின் முதற்குடிகள்

இவ்வரையறைக்கு இலங்கையில் ஐயத்துக்கிடமின்றிப் பொருந்துவோர் வேடர்கள். தம்மை ‘வன்னியல எத்தோ’, அதாவது வனத்து மக்கள், என அவர்கள் கூறிக்கொள்கின்றனர். கண்டிக்குக் கிழக்கே மலை இறங்கிச் செல்லின் மகியங்கனைக்கு அப்பால் உள்ள தம்பானை அவர்களது அறியப்பட்ட வாழிடம். செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட நூல் அவர்களை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. மாறாக, அவர்களின் நிலத்தை எவரும் சட்டத்துக்கு அறிமுகஞ் செய்யவில்லை. வேட்டையும் தேனும் சேனையும் சார்ந்த வாழ்வுக்கு உரித்து ஆவணம் ஏது? 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கில் அவர்களின் முழு உலகமும் தரிசு நிலமே.

மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனோடு, தலைமுறைகளாக அவர்கள் வேட்டையாடிய காட்டினுள் வேட்டையாடுதல் குற்றமாயிற்று. பல குடும்பங்கள் மகாவலி ‘சி’ வலயத்தின் ஹெனானிகலைக்கு மாற்றப்பட்டன. தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் அவரைச் சார்ந்தோரும் தம்பானையை விட்டகல மறுத்தனர். 1998இல் அவர் மறைந்தபின் தலைமையேற்ற அவர் மகன் வன்னில எத்தோ, பொல்லேபெத்த, ரம்பகன் ஓயாப் பகுதிக் காட்டைச் சோளப் பயிர்ச்செய்கைக்கென அழிப்பதை எதிர்த்து, சுற்றாடல் அமைப்பொன்றோடு இணைந்து 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். மரபு நிலத்தைக் காக்க வேடர் தலைவர் ஒருவர் சட்டத்தின் கதவைத் தட்டியமை முக்கியமானதொரு நிகழ்வாகும். ஆயின் அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ போல ‘இது எம் உரித்து’ எனக் கோருவதற்கு எமது சட்டத்தில் வாசகம் இல்லை. சுற்றாடற் சட்டத்தினதும் நிருவாகச் சட்டத்தினதும் ஊடாகவே அவர்கள் பேசவேண்டியுள்ளது.

தமிழ் வாசகர் மறக்கலாகாத இன்னொரு செய்தியும் உண்டு. மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களில், வாகரை, மூதூர்ப் பகுதிகளில், தமிழ் பேசும் கரையோர வேடர்கள் வாழ்கின்றனர். தமிழரின் நில உரிமை பேசும் நாம் அவர்களைத் தமிழருள் அடங்கியோராக எண்ணி அவர்களின் தனித்த கோரிக்கையைக் கேளாது விடுவோமாயின், எம்மீது பிறர் இழைக்கும் தவறையே நாமும் இழைத்தவராவோம்.

6. தோட்டத் தொழிலாளரும் நிலமும்

இனி மடுல்கெல்லயின் லயன்களுக்கு வருவோம். முடிக்குரியது எனப்பட்ட காட்டை வெட்டிக் கோப்பியும் பின் தேயிலையும் நட்ட கைகள் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளருடையவை. அவர்கள் மலைநாட்டின் முதற்குடிகள் அல்லர். அவ்வாறு அவர்கள் கோரியதுமில்லை. ஆயினும் அவர்களை நிலம் பறித்தோராகச் சித்திரிக்கும் வாதம் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஒலித்தது. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் எடுத்துரைத்த கிராம வறுமை மெய்யானதே. நிலத்தைப் பறித்தது முடி. வாங்கியது தோட்டத் துரைத்தனம். பழி விழுந்ததோ ஒரு பேர்ச் நிலமும் இல்லாதிருந்த கூலியின்மீது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் முடிவாயிற்று. இப்பேச்சுக்களில் அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு வயலாயின் 25 ஏக்கரும் ஏனைய காணியாயின் 50 ஏக்கரும் என உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. முற்போக்காளர் பலர் வரவேற்ற இச்சீர்திருத்தம் கண்டி, மாத்தளை முதலிய மத்திய மலைப்பகுதிகளில் பல தோட்டத் தொழிலாளரை இருந்த லயனிலிருந்தும் துரத்தியது. நிலம் பெறத் தகுதியுடைய விவசாயியாக அவர்கள் எண்ணப்படவில்லை. 1977 மே மாதத்தில், தோட்ட நிலம் 7,000 ஏக்கரைப் பிரித்தளிக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் பிரதேசக் கம்பனிகளுக்குக் கைமாறியது; கண்டி, மாத்தளை மாவட்டங்களின் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களிடம் எஞ்சின. எவ்வழியாயினும் உடைமை அரசினது, குத்தகை கம்பனியினது, உழைப்பு மட்டும் தொழிலாளியினது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. நிலமற்ற நிலை முடியவில்லை. 2015இன் பின்னர் வீடமைப்புக்கென 7 பேர்ச் நிலம் வழங்கும் திட்டம் வந்தது. ஏக்கர் ஒன்றில் 160 பேர்ச் உண்டு என்பதை நினைவிற் கொண்டால், ஒரு குடும்பத்துக்கு ஏக்கரின் இருபத்து மூன்றில் ஒரு பங்கு என்பது தெளிவாகும். அதுவும் எல்லோர்க்கும் எட்டவில்லை. மலையக வரலாற்றின் இருநூறாண்டு நிறைவை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணத்தில் நில உரிமை முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தமையில் வியப்பில்லை.

இக்கோரிக்கைக்குச் சட்ட ஆதாரம் யாது? பூர்வீகக் குடிகளின் பிரகடனத்தை நாடவேண்டிய தேவை மலையகத் தமிழர்க்கு இல்லை. 2018 டிசெம்பர் 17ஆம் திகதி பொதுச்சபை நிறைவேற்றிய விவசாயிகளினதும் கிராமப்புறங்களில் உழைப்போரினதும் உரிமைகள் பற்றிய பிரகடனம், பெருந்தோட்டங்களில் கூலிக்கு உழைப்போரையும் தன் எல்லைக்குட் கொண்டுள்ளது; நிலத்துக்கான உரிமையையும் பேசுகின்றது. சமகால அடிமைமுறை வடிவங்கள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2022இல் சமர்ப்பித்த அறிக்கையும் மலையகத் தமிழரின் நிலையைத் தனித்துக் கவனத்திற் கொண்டது. முதலில் வந்தமையால் எழும் உரித்து ஒன்று. தலைமுறை தலைமுறையாய் உழைத்து வாழ்ந்தமையால் எழும் உரித்து மற்றொன்று. ஒன்றை மறுத்தே மற்றையது நிலைக்கவேண்டும் என்பதில்லை.

7. நீலகிரி தரும் படிப்பினை

இவ்விரு உரித்துகளையும் பிணைத்து நோக்காவிடின் என்ன நேரும் என்பதற்கு நீலகிரி சான்று. ஒப்பந்தத்தின்கீழ்த் தாயகம் திரும்பியோராகக் கருதப்பட்ட மலையகத் தமிழர்க்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னாளில் அது ‘டான்டீ’ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கூடலூர், குன்னூர், கோத்தகிரி முதலிய இடங்களில் வன நிலத்தில் அதன் தேயிலை எழுந்தது. கூடலூர்க் காடுகளோ பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிவாசிகளின் வாழிடம். கண்டியின் மலைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவன் தன் விருப்பின்றியே பிறிதொரு முதற்குடியின் காட்டில் மீண்டும் கூலியாக நிறுத்தப்பட்டான். அரை நூற்றாண்டின் பின், 2022இல், 2,000 எக்டேருக்கு மேற்பட்ட தோட்ட நிலத்தை வனத்துறையிடம் மீள ஒப்படைக்க முடிவாயிற்று. அந்நிலத்திற் குடியிருந்த தொழிலாளரின் வீடு என்னாகும் என்னும் கேள்வி அதனோடு எழுந்தது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரித்தை ஏற்கின்றது. அதன் வலிமை நியம்கிரி மலையில் வெளிப்பட்டது. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி கூடிய பன்னிரு கிராம சபைகளும் பொக்சைற்றுச் சுரங்கத்தை ஒருமுகமாக நிராகரித்தன. கேட்கப்பட்டால் மக்கள் விடை கூறுவர் என்பதை அந்நிகழ்வு காட்டிற்று. கூடலூரில் தொழிலாளியும் ஆதிவாசியும் ஒருசேரக் கேட்கப்பட்டதில்லை.

8. முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கோட்பாடுகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றியது. எழுத்தில்லாதவன் உரித்தில்லாதவன் என்னும் 1840ஆம் ஆண்டின் ஊகம் எமது காணிச் சிந்தனையில் இன்றும் வேரூன்றி நிற்கின்றது. நாட்டின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசினது எனக் கணிக்கப்படும் நிலையில், அரச காணியில் இருப்போரைச் சுருங்கிய நடைமுறை மூலம் வெளியேற்ற 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. வாழ்வும் வழமையும் வாய்மொழியும் உரித்துக்குச் சான்றாகும் எனக் கனடாவில் ஏற்கப்பட்ட நியாயம் இங்கும் ஏற்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, சம்மதம். தம்பானையிற் பூங்கா அமைத்தபோதும், டெல்லியிலும் கொழும்பிலும் மனிதரைப் பங்கிட்டபோதும், தோட்டங்களைக் கைமாற்றியபோதும் கேட்கப்படாதிருந்தது ஒன்றே. முன்கூட்டிய, தெளிந்த, சுதந்திரமான சம்மதம் என்னும் விதி பூர்வீகக் குடிகளின் பிரகடனத்தில் வரையப்பட்டதாயினும், அதன் நியாயம் மனிதர் எல்லோர்க்கும் பொது.

மூன்றாவது, உரித்துகளின் உடனிருப்பு. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பேணற் காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய பகுதிகளோடு உலக மரபுரிமையாயிற்று. காட்டைப் பேணுதல் இன்றியமையாதது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி உள்ளிட்ட மலை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகள் அதனை மீண்டும் உணர்த்தின. பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலமும் வீடும் இல்லாதோரே சரிவின் வாயில் இருந்தனர் என்பதையும் உணர்த்தின. காட்டின் காப்பு, கிராமத்தவனின் நீரும் சேனையும், தொழிலாளியின் வீடும் பயிர்நிலமும் ஒன்றையொன்று விலக்கும் உரித்துகள் அல்ல. ஒரே நிலத்தில் குத்தகையும் மரபுரிமையும் உடனிருக்கலாம் என்று விக் வழக்கு கண்டது. அவ்வழக்கு மோதலிற் குத்தகையையே மேலாக்கியது. எமது சட்டம் குடியிருப்போனை மேலாக்கட்டும்.

கிராமத்தவனும் வேடனும் தொழிலாளியும் ஒருவரையொருவர் அந்நியராகக் கருதுமாறு பயிற்றப்பட்டுள்ளனர். மூவரின் இழப்புக்கும் தாய் ஆவணம் ஒன்றே. அதனை வாசிக்கவும் வினவவும் கற்றோர் கடமைப்பட்டுள்ளனர். பல்கலைக்கழகங்களின் சட்டத்துறையும் வரலாற்றுத்துறையும் சமூகவியற்றுறையும் இணைந்து, இம்மும்மக்களின் வாய்மொழிச் சான்றுகளையும் தோட்டங்களின் காணிப் பதிவுகளையும் ஒருங்கு வைத்து ஆராயவேண்டும். கோவ் மக்களின் உரித்து ஏற்கப்படுவதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. எமது மலைநாட்டில் அக்கணக்கு இன்னும் தொடங்கப்படவே இல்லை.